மூளைக்கும் நிறம் பார்த்த அளவுகோல்

ஒரு மனிதரின் மூளை பழுதடைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, முதலில் அவர் என்ன இனம் என்று கேட்ட ஓர் ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளையர் என்றால் ஒரு கணக்கு. கறுப்பர் என்றால் வேறு கணக்கு. அடிமை முறைக் காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இல் இது நடந்துகொண்டிருந்தது. உலகத்திலேயே அதிக வருமானம் ஈட்டும் விளையாட்டு லீக்கான அமெரிக்காவின் என்.எஃப்.எல்-இல், நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஓர் ஒப்பந்தத்தின் கீழ், படித்த மருத்துவர்களின் கையெழுத்தோடு நடந்தது.

அதை எதிர்த்து வழக்குப் போட்ட இருவரில் ஒருவர் நஜே டேவன்போர்ட். ஏழு பருவங்கள் அந்த லீக்கில் ரன்னிங் பேக்காக ஆடியவர். பெரிய நட்சத்திரம் இல்லை. அவர் முகம் போட்ட சுவரொட்டி எந்த மாணவர் விடுதியிலும் ஒட்டப்பட்டிருக்காது. அதனால்தான் அவரை எடுத்துக்கொள்கிறேன். நட்சத்திரத்தின் வாழ்க்கையைப் படித்தால் அவருடைய திறமைதான் கண்ணில் படும். இப்படி வந்து, உழைத்து, தேய்ந்து, வெளியேறிய ஒருவரின் வாழ்க்கையைப் படித்தால் ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரியும்.

என்ன வேலை இது?

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள் கவசம், ரக்பியின் பங்காளி மாதிரி ஓர் ஆட்டம். அதில் ரன்னிங் பேக்கின் வேலை எளிமையானது. பந்தை வாங்கி, மார்போடு இறுக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதச் சுவருக்குள் பாய வேண்டும். அவரைத் தடுத்து வீழ்த்த எதிரணியில் 11 பேர் நிற்பார்கள். முன்வரிசையில் நிற்பவர்கள் 130, 140 கிலோ இருப்பார்கள். ஒரு ஓட்டத்தில் நான்கு கெஜம் முன்னேறினால் நல்ல ஓட்டம். அந்த நான்கு கெஜத்துக்காக இரண்டு பேரோ மூன்று பேரோ ஓடி வந்து மோதுவார்கள். எழுந்து நின்று, அடுத்த நிமிடம் மறுபடியும் அதே பாய்ச்சல்.

பந்து கையில் இல்லாதபோது ஓய்வு என்று நினைக்காதீர்கள். க்வார்ட்டர்பேக்கை அடிக்க வருபவர்களைத் தன் உடம்பைக் குறுக்கே போட்டு மறிப்பதும் அவர் வேலைதான். க்வார்ட்டர்பேக் பந்தை எறியும் மூளை என்றும், ரன்னிங் பேக் பந்தைச் சுமக்கும் உடம்பு என்றும்தான் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் பேசினார்கள். மூளை என்று சொன்ன இடத்தில் நெடுங்காலம் வெள்ளையர்களை வைத்தார்கள். உடம்பு என்று சொன்ன இடத்தில் கறுப்பர்களை வைத்தார்கள். பள்ளியில் க்வார்ட்டர்பேக்காக இருந்த எத்தனையோ கறுப்பின இளைஞர்கள் கல்லூரிக்கு வந்ததும் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். இன்று க்வார்ட்டர்பேக் இடத்தில் நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஆனால் ரன்னிங் பேக் இடத்தில் இன்னும் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பர்கள்.

டேவன்போர்ட்டின் ஓட்டம்

டேவன்போர்ட் மயாமியில் பிறந்தவர். மயாமி பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2001-இல் தேசியப் பட்டம் வென்ற அணி அது. கல்லூரி ஆட்டத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் சீட்டு வாங்கி வந்தாலும், தொலைக்காட்சி எத்தனை கோடி கொடுத்தாலும், ஆடுபவருக்கு அந்நாளில் சம்பளம் கிடையாது. 'மாணவர் விளையாட்டு வீரர்' என்று பட்டம் கொடுத்து, படிப்புச் செலவைக் கொடுத்து, மிச்சத்தைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. பயிற்சியாளருக்கு மட்டும் கோடிக்கணக்கில் சம்பளம். மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற நிலை வந்ததே 2021-இல்தான்.

கல்லூரிக்குப் போகாமல் நேரே லீக்குக்குப் போய்விடலாமா? முடியாது. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது விதி. மொரீஸ் கிளாரெட் என்ற ரன்னிங் பேக் அந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். ஆகவே, உடம்பு மிகவும் வலுவாக இருக்கும் ஆண்டுகள் அந்நாளில் சம்பளமில்லாத ஆண்டுகளாகக் கழிந்தன.

2002-இல் கிரீன் பே அணி நான்காவது சுற்றில் டேவன்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தது. மொத்த வரிசையில் 135-ஆவது ஆள். எந்த அணிக்குப் போவது என்று ஆட்டக்காரர் முடிவு செய்ய முடியாது. எந்த அணி தேர்ந்தெடுக்கிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தத் தேர்வுக்கு முன்னால் இளைஞர்களை வரவழைத்து அளப்பார்கள். உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கை அகலம், 40 கெஜத்தை ஓட எத்தனை நொடி என்று நொடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்கு. உரிமையாளர்களின் ஆட்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தக் காட்சியை அடிமைச் சந்தையோடு ஒப்பிட்டு அமெரிக்கக் கறுப்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கோடிகளில் சம்பளம் வாங்குபவரை அடிமை என்பதா என்று சிலர் கோபப்படுவார்கள். சரி, அடிமை என்ற சொல்லை விட்டுவிடுவோம். அந்த அளவு நாடாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

கிரீன் பேயில் டேவன்போர்ட் முதன்மை ஓட்டக்காரருக்கு மாற்று ஆள். பந்தை உதைத்துத் தொடங்கும்போது அதைப் பிடித்துத் திருப்பி ஓடும் வேலையும் செய்தார். இரு பக்கத்து ஆட்களும் அந்நாளில் முழு வேகத்தில் ஓடி வந்து மோதியதால் ஆட்டத்திலேயே மிக ஆபத்தானது என்று பெயர் வாங்கிய வேலை அது. 2004 நவம்பரில் முதன்மை ஓட்டக்காரர் காயத்தில் இருந்தபோது வாய்ப்பு வந்தது. செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 178 கெஜம் ஓடினார். 100 கெஜம் ஓடினாலே நல்ல நாள் என்று சொல்லும் ஆட்டம் அது. அடுத்த ஆண்டு கணுக்கால் முறிந்தது. 2006-இல் பிட்ஸ்பர்க் அணிக்குப் போனார். 2008 பருவத்தோடு ஆட்டம் முடிந்தது. வயது 29.

29 வயதில் பணி முடிவு என்பதைக் கேட்டு வருத்தப்படாதீர்கள். ரன்னிங் பேக்குக்கு அது நீண்ட பணிக்காலம். அந்த இடத்தில் ஆடுபவர்களின் சராசரிக் காலம் மூன்று ஆண்டுகூட இல்லை என்பது வீரர் சங்கத்தின் கணக்கு. லீக்கின் ஓய்வூதியம் கிடைக்க மூன்று பருவங்கள் கணக்கில் ஏற வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் விளக்க வேண்டியதில்லை.

சம்பள மேசையில் தேய்ந்த உடம்பு

ரன்னிங் பேக் சம்பளம் பேசப் போகும்போது அணி நிர்வாகம் என்ன சொல்லும் தெரியுமா? உங்கள் உடம்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லும். இத்தனை முறை பந்து சுமந்திருக்கிறீர்கள், இத்தனை முறை மோதப்பட்டிருக்கிறீர்கள், 30 வயது நெருங்குகிறது, இனி உங்களுக்கு நீண்ட ஒப்பந்தம் தருவது நஷ்டம் என்று கணக்கு காட்டும்.

லெவியான் பெல் இதை நேரடியாக எதிர்த்தார். பிட்ஸ்பர்க்கின் ரன்னிங் பேக். 2017 பருவத்தில் மட்டும் ஓடியும் பிடித்தும் 406 முறை பந்தைக் கையாண்டவர். நீண்ட கால ஒப்பந்தம் கேட்டார். அவருக்கு ஏற்ற ஒப்பந்தத்தை நிர்வாகம் தரவில்லை. அதற்குப் பதிலாக 'ஃபிரான்சைஸ் டேக்' என்ற விதியைப் பயன்படுத்தியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வேறு அணிக்குப் போகவிடாமல், நிர்ணயித்த ஒரு தொகையைக் கொடுத்து இன்னும் ஓராண்டு பிடித்து வைத்துக்கொள்ளும் விதி அது. அந்த ஓராண்டில் முழங்கால் போனால் போனதுதான். பெல் 2018 பருவம் முழுக்க ஆட மறுத்தார். 1.45 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார். பேராசைக்காரர் என்று பேசினார்கள். தன் உடம்பில் எத்தனை ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்று முதலாளி எண்ணலாமாம், தொழிலாளி எண்ணக் கூடாதாம்!

2023-இல் சாக்வான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி பொல்லார்ட் என்று மூன்று பேருக்கு அதே விதி. தலைக்கு ஏறத்தாழ 1.01 கோடி டாலர், ஓராண்டுக்கு. அதே ஆண்டு ஒரு க்வார்ட்டர்பேக்கின் புதிய ஒப்பந்தம் சராசரியாக ஆண்டுக்கு 5.5 கோடி டாலர். அப்போது ரன்னிங் பேக்குகள் காணொளி வழியாகக் கூடிப் பேசினார்கள். அணி அணியாகப் பிரிந்து கிடந்தவர்கள் ஒரே தொழில் செய்பவர்களாகக் கூடினார்கள். அந்தக் கூட்டத்தால் உடனே எதுவும் மாறவில்லை. ஆனால் கூடியதே ஒரு செய்தி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடம்பு அடிபடுகிறது, தேய்கிறது என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு மோதலையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். அப்படியானால் அந்த மோதல்களில் மூளை என்ன ஆனது என்று கேட்டபோது என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இழப்பீட்டு மேசையில் வேறு கணக்கு

மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று லீக் நீண்ட காலம் சொன்னது. தலைக் காயத்தை ஆராய 1994-இல் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் மூளை மருத்துவர்கூட இல்லை, மூட்டு வாத மருத்துவர். பிட்ஸ்பர்க் அணியின் பழைய ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தார். நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவருடைய மூளையைப் பரிசோதித்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த சிதைவைக் கண்டுபிடித்தார். 2005-இல் அதை வெளியிட்டார். லீக்கின் மருத்துவர்கள் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார்கள்.

பிறகு வழக்குகள் குவிந்தன. 4,500-க்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2013-இல் சமரசம் அறிவிக்கப்பட்டது, 2015-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஏறத்தாழ 20,000 பேர் அதன் கீழ் வந்தார்கள். மறதி நோய் எந்த அளவுக்கு முற்றியிருக்கிறதோ அதைப் பொறுத்து இழப்பீடு, அதிகபட்சம் 30 லட்சம் டாலர் வரை. நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றுக்குப் பரிசோதனைகள் வைத்து அந்த அளவை முடிவு செய்வார்கள்.

சூது இங்கேதான் இருந்தது. ஒருவர் இன்று எடுக்கும் மதிப்பெண் தெரியும். ஆனால் அடிபடுவதற்கு முன் அவர் எவ்வளவு எடுத்திருப்பார்? அதை ஊகிக்க, அவரைப் போன்றவர்களின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். வயது, பாலினம், படிப்பு ஆகியவற்றோடு இனத்தையும் அதில் சேர்த்தார்கள். கறுப்பர்களின் சராசரி வெள்ளையர்களின் சராசரியைவிடக் குறைவு என்று வைத்துக் கணக்கிட்டார்கள்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரே அணியில் ஆடிய இருவர். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். பரிசோதனையில் இருவருமே 40 மதிப்பெண். வெள்ளையரைப் பார்த்து, 'இவர் முன்பு 60 எடுத்திருப்பார், 20 போய்விட்டது, இழப்பீடு கொடுங்கள்' என்கிறது அளவுகோல். கறுப்பரைப் பார்த்து, 'இவர் முன்பும் 50-தான் எடுத்திருப்பார், 10 தானே போயிருக்கிறது, தகுதி இல்லை' என்கிறது. எண்கள் நான் போட்டவை. முறை அவர்களுடையது. கறுப்பர் இழப்பீடு வாங்க வேண்டுமானால் வெள்ளையரைவிட அதிகமாக மூளை சிதைந்திருக்க வேண்டும். இழக்க உன்னிடம் அவ்வளவு இருந்ததே இல்லை என்று ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்வதைவிட வேறு அவமானம் உண்டா?

டேவன்போர்ட்டுக்கு நடந்ததை வழக்கு மனு சொல்கிறது. மருத்துவர் இனம் பார்க்காமல் மதிப்பெண்ணைக் கணக்கிட்டார். பாதிப்பு உண்டு, தகுதி உண்டு என்று வந்தது. லீக் மேல்முறையீடு செய்தது. இனத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றது. சேர்த்துக் கணக்கிட்டதும் தகுதி காணாமல் போனது. அதே மனிதர். அதே மூளை. அதே விடைத்தாள்.

இனத் திருத்தம் கட்டாயம் இல்லை, அது மருத்துவரின் விருப்பம் என்று லீக் சொல்லிவந்தது. விருப்பம் என்றால், திருத்தம் செய்யாத மருத்துவரின் முடிவை எதிர்த்து ஏன் மேல்முறையீடு?

புல்வெளியில் எழுதிய முழக்கம்

காலத்தைக் கவனியுங்கள். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூன் மாதம் லீக்கின் ஆணையர் காணொளியில் தோன்றி, ஆட்டக்காரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்றார். கறுப்பர் உயிர்களும் உயிர்களே என்றார். ஆகஸ்ட் மாதம் டேவன்போர்ட்டும், பிட்ஸ்பர்க்கில் எட்டுப் பருவங்கள் ஆடிய கெவின் ஹென்றியும் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். செப்டம்பரில் பருவம் தொடங்கியது. மைதானங்களின் புல்வெளியில் 'இனவெறியை ஒழிப்போம்' என்ற பொருளில் பெரிய எழுத்தில் முழக்கம் எழுதப்பட்டிருந்தது.

கறுப்பின ஆட்டக்காரர் அந்த எழுத்தின் மேல் விழுந்து தலையில் அடிபட்டால், பிற்காலத்தில் அந்த அடியை அளக்க இனவாரி அளவுகோல் அலுவலகத்தில் தயாராக இருந்தது. முழக்கம் எழுதச் சுண்ணாம்பும் சாயமும் போதும். அளவுகோலை மாற்றினால் பணம் கொடுக்க வேண்டும். எனவே சுண்ணாம்பு முதலில் வந்தது.

2021 மார்ச்சில் நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆனால் இனத் திருத்தம் பற்றித் தனக்குக் கவலை இருப்பதாகச் சொல்லி, இரு தரப்பும் நடுவர் முன் பேசித் தீர்க்க உத்தரவிட்டார். அந்தப் பேச்சிலும் வழக்குத் தொடுத்த இருவருக்கு முதலில் இடம் தரவில்லை. ஆட்டக்காரர்கள் சார்பில் சமரசம் பேசிய தலைமை வழக்கறிஞரே, பாகுபாடு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவந்தவர்தான். பிற்பாடு அவரே மன்னிப்புக் கேட்டார்.

நிலைமையை மாற்றியது வெளியே எழுந்த குரல். வாஷிங்டன் அணியின் முன்னாள் ரன்னிங் பேக் கென் ஜென்கின்ஸும் அவருடைய இணையர் ஏமி லூயிஸும் ஏறத்தாழ 50,000 கையெழுத்துகளைத் திரட்டி ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். செய்தியாளர்கள் துருவினார்கள். 2021 ஜூனில் லீக் இறங்கிவந்து, இனத் திருத்தத்தை நிறுத்துவதாகச் சொன்னது. அக்டோபரில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2022 மார்ச்சில் நீதிபதி ஒப்புதல் தந்தார். பழைய பரிசோதனைகளை இனம் பார்க்காமல் மறுபடி கணக்கிட வேண்டும் என்பது அதில் இருந்தது.

முதலில் மறுகணக்குப் போடப்பட்ட 646 கறுப்பின ஆட்டக்காரர்களின் முடிவு 2022 ஆகஸ்டில் வந்தது. 61 பேர் மறதி நோய்க்கான இழப்பீட்டுக்குத் தகுதி பெற்றார்கள். தொடக்கநிலைப் பாதிப்புக்கான உதவிக்கு இன்னும் ஏறத்தாழ 250 பேர் தகுதி பெற்றார்கள். 646-இல் கிட்டத்தட்டப் பாதி. யாரும் புதிதாக நோயாளி ஆகவில்லை. அளவுகோல் மாறியதும், இருந்த நோய் கண்ணுக்குத் தெரிந்தது.

எதிர்க்கேள்விகள்

இதைப் பேசினால் மூன்று கேள்விகள் வரும். பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: கோடீஸ்வரர்களுக்காக ஏன் கண்ணீர்? கோடிகளில் வாங்குபவர்கள் சிலர். பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடிவிட்டு வெளியே போகிறவர்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை முழுதும் உத்தரவாதம் இல்லாதது. காயம் பட்டால் அடுத்த ஆண்டு வேலை இல்லை. தகுதி பெற்றவர்களுக்கும் லீக் தரும் மருத்துவக் காப்பீடு ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். மறதி நோய் அந்த ஐந்து ஆண்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஏதாவது கட்டாயமா? இன்னொன்று. பணக்காரக் கறுப்பருக்கே மூளையின் அளவு குறைவு என்று எழுதி வைத்தவர்கள், ஏழைக் கறுப்பருக்கு என்ன எழுதி வைத்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இரண்டாவது கேள்வி: இது அறிவியல்தானே? இது கொஞ்சம் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இந்த இனவாரிச் சராசரிகள் மருத்துவமனைப் பயன்பாட்டுக்காக உருவாக்கப்பட்டவை. மோசமான பள்ளிகளில் படிக்க நேர்ந்த கறுப்பர் ஒருவரைக் குறைந்த மதிப்பெண்ணை வைத்து நோயாளி என்று தவறாக முத்திரை குத்திவிடக் கூடாது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பள்ளிதான் காரணம் என்றால் பள்ளியை அளக்க வேண்டும். வறுமைதான் காரணம் என்றால் வறுமையை அளக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டு இனத்தை அளப்பது, அநீதியின் விளைவைப் பிறவிக் குணமாக மாற்றிப் பதிவேட்டில் ஏற்றுவது. அதுவும் இந்த ஆட்டக்காரர்கள் பல்கலைக்கழகங்களில் இருந்து வந்தவர்கள். டேவன்போர்ட்டோடு அதே வகுப்பில், அதே அணியில் இருந்த வெள்ளையருக்கு ஒரு சராசரி, அவருக்கு வேறு சராசரி என்றால் அது எந்த அறிவியல்?

மூன்றாவது கேள்வி: தவறைத் திருத்திக்கொண்டார்களே, இன்னும் ஏன் பேச்சு? அவர்களாகத் திருத்தவில்லை. வழக்கும் கையெழுத்தும் ஊடகமும் சேர்ந்து திருத்த வைத்தன. முதலில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கும் மறுகணக்கு வந்ததற்கும் இடையே போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? மறதி நோய் உள்ளவருக்கு ஓராண்டு என்பது மனைவியின் பெயர் நினைவில் இருக்கும் ஆண்டுக்கும் இல்லாத ஆண்டுக்கும் உள்ள தூரம்.

அளவுகோலுக்கு ஒரு வரலாறு உண்டு

இந்தத் தந்திரத்தை லீக் கண்டுபிடிக்கவில்லை. 1850-களில் அமெரிக்கத் தெற்கில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் இருந்தார். கறுப்பர்களின் நுரையீரல் கொள்ளளவு பிறவியிலேயே குறைவு, ஆகவே வயலில் வேலை வாங்குவது அவர்களுக்கே நல்லது என்று எழுதினார். அடிமை முறை ஒழிந்தும் அந்த எண்ணம் ஒழியவில்லை. நுரையீரலை அளக்கும் கருவிகளில் இனத் திருத்தமாகப் புகுந்து உட்கார்ந்தது. 1999-இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயுற்ற தொழிலாளர்கள் வழக்குப் போட்டபோது, ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் வெள்ளையரைவிட மோசமான நுரையீரலைக் காட்டினால்தான் வழக்கை ஏற்க வேண்டும் என்று வாதாடியது. நீதிபதி அதை ஏற்கவில்லை.

சிறுநீரகத்திலும் இதே கதை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் பெருக்கல் எண் ஒன்று இருந்தது. அந்த எண், பழுதான சிறுநீரகத்தை நல்ல சிறுநீரகம் மாதிரி காட்டியது. மாற்று உறுப்புக்கான வரிசையில் அவர்களைத் தாமதமாக நிற்க வைத்தது. 2021-இல்தான் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் அதை நீக்கச் சொன்னார்கள்.

நுரையீரல், சிறுநீரகம், மூளை. உறுப்பு மாறுகிறது, தந்திரம் மாறவில்லை. உழைக்கும்போது வலிமையான உடம்பு என்பார்கள். உழைப்பில் பழுதான பிறகு, இந்த உடம்பு முதலிலேயே இப்படித்தான் இருந்தது என்பார்கள்.

இந்த லீக்கின் வரலாற்றிலேயே ரன்னிங் பேக்குகள் அதற்குச் சாட்சி. 1934 முதல் 1945 வரை இந்த லீக்கில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட தடை எதுவும் இல்லை, உரிமையாளர்களின் பேசாத உடன்பாடுதான். லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்துக்காக 1939-இல் ஆடிய கென்னி வாஷிங்டன் நாட்டிலேயே சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவர். லீக்கில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய லாஸ் ஏஞ்சலஸ் மைதானம் வேண்டுமென்றால் கறுப்பரைச் சேர்க்க வேண்டும் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் போராடியதால் 1946-இல் ராம்ஸ் அணி அவரைச் சேர்த்தது. அதற்குள் அவருடைய முழங்கால்கள் பல அறுவைச் சிகிச்சைகளைப் பார்த்துவிட்டன. அந்த முழங்காலோடு 1947-இல் ஒரே ஓட்டத்தில் 92 கெஜம் ஓடினார். மூன்று பருவங்களில் விடைபெற்றார். அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டு, மிச்சத்துக்குக் கதவைத் திறந்தார்கள்.

இன்றும் இந்த லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். 32 அணிகளில் ஒன்றுக்குக்கூட ஒரு கறுப்பர் பெரும்பான்மை உரிமையாளராக இருந்ததில்லை. ஓடுபவர் யார், அளப்பவர் யார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே, படித்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். நாளை உங்களில் சிலர் மருத்துவர் ஆவீர்கள், சிலர் வழக்கறிஞர், சிலர் புள்ளியியல் படித்து அரசு அலுவலகத்தில் அட்டவணை தயாரிப்பீர்கள். அநியாயம் எப்போதும் தடியோடு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூத்திரமாக வரும். பின்னிணைப்பில் வரும். 'முழு மக்கள்தொகைத் திருத்தம்' என்ற மாதிரி யாருக்கும் கோபம் வராத பெயரில் வரும். டேவன்போர்ட்டின் விண்ணப்பத்தை நிராகரித்த தாளில் வசைச்சொல் ஒன்றுகூட இருந்திருக்காது. எண்கள் மட்டும் இருந்திருக்கும்.

ஆகவே எந்த அளவுகோலைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதை யார் செய்தது? இதற்குச் சம்பளம் கொடுத்தது யார்? பிறப்பை வைத்து ஒருவரின் தொடக்கப் புள்ளியை இது கீழே இறக்குகிறதா? இறக்கினால், அதில் மிச்சமாகும் பணம் யார் பைக்குப் போகிறது?

டேவன்போர்ட்டின் 178 கெஜத்தை அளந்தபோது யாரும் அவர் இனத்தைக் கேட்டு கெஜக்கோலைக் குறைக்கவில்லை. கறுப்பர் ஓடியதால் அதை 150 என்று எழுதுவோம் என்று சொல்லவில்லை. அவர் ஓடிய ஒவ்வொரு கெஜமும் முழு கெஜமாகவே முதலாளியின் கணக்கில் ஏறியது. அந்தக் கெஜங்களுக்காக அவர் கொடுத்த விலையை அளக்கும்போதும் முழுக் கோல்தான் வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவர்கள் சில பழைய ஆட்டக்காரர்களும் அவர்களுடைய குடும்பங்களும். கேட்காதிருந்தால் அந்தக் கோல் இன்றும் அலுவலக மேசையில் அப்படியே இருந்திருக்கும்.